செருப்பைக் கரையில் விட்டவர்கள்

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சமையலறைக் கதவில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். ஊழியர்கள் எல்லாரும் ஒரு நாள் கப்பலேறிப் பக்கத்துத் தீவுக்குப் போய், கடற்கரையில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவது. வருகிறவர்கள் அதில் பெயர் எழுத வேண்டும். டென்மார்க்குக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் தவறாமல் எழுதி வந்தேன். எழுதாவிட்டால் ‘இவள் நம்மோடு ஒட்டமாட்டாள்’ என்பார்கள். எழுதிவிட்டுப் போனாலும் அதையேதான் நினைப்பார்கள், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பயணத்தை நினைத்து ஊரில் யாரும் பெருமூச்சு விட வேண்டாம். கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும், அது ஒன்றுதான் அதில் உருப்படி. மேல்தட்டில் காற்று காதை அறுக்கும். ஆளாளுக்குத் தன் பையிலிருந்து கறுப்பு ரொட்டியை எடுத்துத் தானே தின்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ‘ஒரு வாய் சாப்பிடுங்கள்’ என்று நீட்டும் பழக்கம் அந்த நாட்டுக்கே கிடையாது. முதல் வருடம் நான் ஒரு தூக்கு நிறைய எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போய் எல்லாருக்கும் நீட்டினேன். ஒவ்வொருவரும் ஒரு கரண்டி வாங்கி, ‘வித்தியாசமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு மீதியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்கள். கடற்கரை என்று அவர்கள் சொல்வது கூழாங்கல் மேடு. தண்ணீர் பனிக்கட்டிக்கு இரண்டு நாள் மூத்தது. அதற்குள் அறுபது வயதுக் கிழவிகள் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்து, உதடு நீலம் பாரித்து ஏறி வந்து ‘ஆஹா’ என்பார்கள். நான் கோட்டுக்குள் உட்கார்ந்தபடி ‘ஆஹா’ என்பேன்.

இந்த வருடம் நான் பெயர் எழுதவில்லை. என்னோடு காய்கறி நறுக்கும் பிர்கித் என்பவள் கேட்டாள்: “ஏன், உனக்குத் தீவு அலுத்துவிட்டதா?”

“பங்குனியில் எங்கள் ஊரில் ஒரு தீவுக்குப் போய்விட்டு வந்தேன். இந்த வருடத்துக்கு அது போதும்,” என்றேன்.

“அழகான தீவா?” என்றாள்.

அவளிடம் சொல்லும் அளவுக்கு எனக்கு டேனிஷ் வராது. என் டேனிஷ் சமையலறைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போதுமானது. வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் தொலைபேசியில் பேசினால் ‘உங்கள் மகனிடம் கொடுங்கள்’ என்பார்கள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கும் பொறுமை இருக்கும் என்று சொல்வதற்கில்லை, ஆனால் பாஷையாவது புரியும்.

2

எங்கள் ஊர் திருப்புல்லாணிக்கு மேற்கே உள்ளடங்கி இருக்கிறது. கருவேலங்காட்டுக்கு நடுவில் வானம் பார்த்த நிலம். கடல் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆனாலும் எங்கள் ஆட்கள் கடலைப் பார்க்கப் போவது செத்தவர்களுக்காக மட்டும். அமாவாசைக்குச் சேதுக்கரையில் முழுக்குப் போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். படகேறியவர் என்று எங்கள் வம்சத்தில் ஒருவரும் கிடையாது. வாரத்தில் நான்கு நாள் மீன் இல்லாமல் சோறு இறங்காது, ஆனால் அந்த மீனைப் பிடிக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூக்கு ஒரு பக்கம் சுழிக்கும். கடலிடம் அவர்களுக்கு இருப்பது பயம். அதைப் பக்தி என்று சொல்லிக்கொள்வார்கள். கடல் தண்ணீரில் நின்று ஒரு சொல் சொன்னால் அது மாறக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். வரப்புத் தகராறு முற்றினால் ‘சேதுத் தண்ணியில நின்னு சொல்லு பாப்போம்’ என்பார்கள், பாதிப்பேர் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

அண்ணனுக்கு ஒரே மகள், வள்ளி. எனக்கு ஒரே மகன், அருண். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் மீதியை யாரும் கேட்க வேண்டியதில்லை. வள்ளி பிறந்தபோதே அண்ணன், “ராக்கு, ஒனக்கு மருமக பொறந்துட்டா” என்றார். பிறகு நான் கடல் தாண்டிப் போனபின், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோனில் பேசும்போதெல்லாம் “ஒம் மருமக பரிச்சையில பாஸாயிட்டா”, “ஒம் மருமகளுக்குக் காச்சல்” என்பார். நான் சிரிப்பேன். அண்ணன் கேலி பேசினால் தங்கச்சி வேறு என்ன செய்வாள்?

அந்தச் சிரிப்பை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டு வீட்டு உத்தரத்தில் செருகி வைத்திருந்தார்கள் என்பது இந்தப் பங்குனியில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்து முறை அப்படி. அத்தைக்கு மகன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதென்றால், வெற்றிலை பாக்கோடு போய் அத்தையைக் கேட்க வேண்டும். அத்தை தன் வாயால் ‘என் உரிமையை விட்டேன், எங்கே வேண்டுமானாலும் கொடு’ என்று சொல்ல வேண்டும். பையன் சொல்வது செல்லாது. அவன் அப்பன் சொல்வதும் செல்லாது. பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவளை யார் கேட்டார்கள்?

ஒருமுறை சாப்பாட்டு மேசையில் இந்த முறையைப் பிர்கித்துக்கு விளக்கப் போனேன். அவர்கள் பாஷையில் அத்தை மகன், சித்தப்பா மகன், பெரியம்மா மகன் எல்லாருக்கும் ஒரே சொல். நான் கையால் வம்சப் படம் வரைந்து முடிக்கும்போது மேசை முழுவதும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. “இது சட்டப்படி குற்றமில்லையா?” என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். கல்யாணமே பண்ணாமல் மூன்று பேருக்குப் பிள்ளை பெற்றவள் அவள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அருண் கோபன்ஹேகனில் ஒரு பெண்ணோடு மூன்று வருடமாகக் குடித்தனம் நடத்துகிறான். கல்யாணம் இல்லை. அங்கே இது செய்தி இல்லை, ஊரில் இது இடி. ஊரில் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ‘படிப்பு முடிச்சிட்டானா’ என்று கேட்டார்கள், முடித்துவிட்டான் என்றேன். ‘வேலைக்குப் போறானா’ என்று கேட்டார்கள், போகிறான் என்றேன். கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையான பதில்தான் சொல்லியிருக்கிறேன்.

3

இந்தத் தடவை அருணும் என்னோடு வந்தான். ஊருக்கு வரச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொல்கிறவன், தானாகவே டிக்கெட் போட்டுக்கொண்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வரவில்லை. அவருக்கு ஊர் வெயில் ஆகாது, ஊர்ச் சொந்தம் அதைவிட ஆகாது.

அருணின் தமிழ் என் வெட்கங்களில் ஒன்று. பெரியவர் சின்னவர் வித்தியாசம் இல்லாமல் எல்லாரையும் ‘நீ’ என்பான். வந்து இறங்கிய அன்றே அண்ணனிடம், “மாமா, நீ நல்லவன். எனக்கு கல்யாணம் வேணாம்” என்று சொல்லிவிட்டான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “வெக்கப்படுறான் மாப்ள,” என்று தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

மறுநாள் மதினி இறால் உரித்துக்கொண்டே என்னிடம் ஒரு சேதி சொன்னாள். “ஆவணியில உப்பூர்ல இருந்து கேட்டு வந்தாக ராக்கு. பையன் வாத்தியாரு, வள்ளி பள்ளிக்கொடத்துலதான் முன்ன வேல பாத்தானாம். நல்ல குடும்பம். ஒங்க அண்ணன், அத்த வாயத் தொறக்காம நான் எப்புடிச் சொல்றதுன்னு அனுப்பிட்டாக. அதான் நீ வாரேன்னதும், வரட்டும், பேசிக்கிருவோம்னு இருக்கோம்.”

“பயணக் களைப்பு மதினி, பிறகு பேசுவோம்,” என்றேன். மதினி இறாலைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

படகுப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது வள்ளி. இராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தத் தீவுக்கு இரண்டொரு முறை போனவள். பாம்பன் பக்கத்தில் ஒரு படகுத்துறை. காலையில் கூட்டிப்போய்த் தீவில் இறக்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கூட்டி வருவார்கள். அண்ணன் உடனே சரி என்றதுதான் ஆச்சரியம். “சிறுசுக ரெண்டும் பேசிப் பழகட்டும்,” என்று என் காதோரம் சொன்னார். படகென்றால் பத்தடி தள்ளி நிற்கிறவருக்கு மகள் கல்யாணம் என்றதும் வந்த தைரியத்தைப் பாருங்கள்.

காலையில் வேனில் ஏறினால், மதினி பட்டுச்சேலையில் இருந்தாள். அண்ணன் விபூதி பூசிச் சலவை வேட்டியில் இருந்தார். கூடவே புளிச்சோறு ஒரு வாளி, அவித்த முட்டை ஒரு பை, மயக்கத்துக்கு எலுமிச்சம்பழம். தீவுக்குப் போகிறோமா, சம்பந்தம் பேசப் போகிறோமா என்று கேட்டேன். மதினி முந்தானையை நீவிவிட்டுக்கொண்டாள். அவள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் உடுத்தியிருந்தாள்.

படகுத்துறைச் சீட்டுக் கூண்டில் இருந்த பையன் அருணை மேலும் கீழும் பார்த்தான். “இவரு ஃபாரினரா? ஃபாரினருக்கு பாஸ்போர்ட் நகல் ரெண்டு வேணும்.”

“ஏலே தம்பி, அவன் ஃபாரினர் இல்ல, என் மருமகன்,” என்றார் அண்ணன்.

“மருமகனா இருந்தாலும் நகல் ரெண்டு.”

நகல் எடுக்கும் கடை தூரத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் கரண்டு இல்லை. திரும்பி வந்து நான் போட்ட சத்தத்தில் அந்தப் பையன் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டான். என் பாஸ்போர்ட்டும் அதே டென்மார்க் பாஸ்போர்ட்தான், என்னிடம் எதையும் கேட்கவில்லை. சேலை கட்டியிருந்தேன், சண்டை போட்டேன், அதுவே அவனுக்குப் போதுமான அத்தாட்சி. டென்மார்க்கில் இருபது காகிதம் கொடுத்தும் நிரூபிக்க முடியாததை இங்கே ஒரு சத்தத்தில் நிரூபித்துவிடலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். படகுக்குப் போட்டிருந்த பலகையின் அடியில் அண்ணன் நின்று, தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மதினியும் கழற்றினாள். இரண்டு பேரும் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அண்ணன் ஒரு நாணயத்தைக் கடலில் போட்டுக் கும்பிட்டார். படகு கோயில் மாதிரி, கடல் சாமி மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பலகையில் ஏறினேன். படகில் உட்கார்ந்த பிறகு குனிந்து பார்த்தால் என் காலிலும் செருப்பு இல்லை. கரையில் அண்ணன் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக நின்றிருந்தது. படகு அதற்குள் விலகிவிட்டது.

4

படகோட்டி தங்கச்சிமடத்துக்காரர், பெயர் சூசை. எங்கள் வெறுங்காலைப் பார்த்து உதட்டுக்குள் சிரித்தார். “உள்நாட்டு ஆளுகளா?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் கடற்கரை ஆளைப் பற்றிச் சுழிக்கும் அதே சுழிப்பு அவர் மூக்கில் இருந்தது. என்ன இருந்தாலும் நியாயம் நியாயம்தான்.

படகின் அடியில் ஒரு கண்ணாடிச் சதுரம் பதித்திருந்தார்கள். அதன் வழியே கடலுக்குள் இருக்கும் அற்புதங்களைப் பார்க்கலாம் என்று வெளியே பலகை சொன்னது. நான் குனிந்து பார்த்தவரைக்கும் கலங்கல் பச்சை, கண்ணாடியில் கீறல், ஒரு பிஸ்கட் உறை. மதினி கரை தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பாலித்தீன் பையில் வாந்தியெடுத்தாள். அண்ணன் கண்ணை மூடி, உயிர்காக்கும் சட்டையின் இரண்டு பட்டைகளையும் மாட்டுக் கயிறு மாதிரி இறுகப் பிடித்திருந்தார். அருண் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

வள்ளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எஞ்சின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. அதற்காகவே படகைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பது பேசத் தொடங்கியதும் புரிந்தது.

“அத்த, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அருணுக்கு என்னைய வேணாம்னு நீங்க ஒங்க வாயால எங்க அய்யாகிட்ட சொல்லணும்.”

“அடியே, அதெல்லாம் கேலிப் பேச்சு. அதப் போயிப் பெருசா எடுத்துக்கிட்டு.”

“ஒங்களுக்குக் கேலி அத்த. இங்கன அது கெட்டி.”

“அருண்…”

“அருண் வீட்டுல இருக்குற பொண்ணுகூட நான் பேசியிருக்கேன். எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துக்கூட அனுப்புச்சு. எனக்கு எல்லாம் தெரியும். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் ஒங்கள இங்கன கூட்டிக்கிட்டு வந்தோம். அவன் சொன்னா வெக்கம்ங்கறாக. நான் சொன்னா வாய அடைக்கிறாக. நீங்க ஒருத்தர் சொன்னாத்தான் உண்டு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஊரில் மறைத்து வைத்திருந்ததை என் மகன் இவளிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் எனக்கு ஒரு வாழ்த்தும் அனுப்பியதில்லை. இரண்டும் சேர்ந்து என்னைக் கடலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. “சமயம் பாத்துச் சொல்றேன்,” என்றேன்.

“இன்னைக்கி அத்த,” என்றாள் வள்ளி. டீச்சர் குரல்.

5

தீவில் துறை கிடையாது. சூசை படகை முழங்கால் தண்ணீரில் நிறுத்தி ஏணி போட்டார். இறங்கி நடந்தோம். தண்ணீர் இதமாக இருந்தது, இதை மட்டும் டென்மார்க்குக்கு ஒப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். எதிரே வெள்ளை மணல், அதற்கப்பால் தாழம்புதர், தூரத்தில் நிழல். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக மணலில் கால் வைத்தார். இரண்டடி போனார். மூன்றாவது அடியில் ‘ஆத்தாடி’ என்று குதித்துத் தண்ணீருக்கே ஓடி வந்தார்.

பங்குனி வெயிலில் அந்த மணல் அடுப்பில் ஏற்றிய கடலைச் சட்டி. போதாததற்கு உடைந்த பவளம் முள் முள்ளாகக் கிடந்தது. நிழலோ எட்டாத தூரத்தில். செருப்பு மூன்று ஜோடியும் அக்கரையில்.

“கோயிலுக்கா வந்தீக, செருப்பக் கழட்டிப்போட்டு வந்திருக்கீக?” சூசை இப்போது வாய்விட்டே சிரித்தார். மற்றப் பயணிகள் எல்லாரும் செருப்போடு விறுவிறுவென்று நடந்து போனார்கள். வள்ளி ரப்பர் செருப்பிலும் அருண் ஷூவிலும் தீவின் மறுகோடியைப் பார்க்கப் போய்விட்டார்கள். மதினி முழங்கால் தண்ணீரில் கிடந்த ஒரு கல்லின் மேல் பட்டுச்சேலையோடு உட்கார்ந்துவிட்டாள். நானும் அண்ணனும் ஆரஞ்சு நிற உயிர்காக்கும் சட்டையோடு கடலில் நின்றோம். தீவுக்கு வந்து தீவில் கால் வைக்காமல் நின்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அண்ணனுக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. தூரத்தில் போகும் இரண்டு பேரையும் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார்.

“பாத்தியா ராக்கு, எப்புடிப் பேசிக்கிட்டுப் போகுதுக.”

“அண்ணே, அதப் பத்தித்தான் பேசணும். அருணுக்கு இது சரிப்படாது.”

“வெக்கப்படுறான். நான்கூட ஒம் மதினியப் பாத்துட்டு வேணாம்னுதான் சொன்னேன்.”

“அவன் அங்கன ஒரு பொண்ணோட இருக்கான்ணே. ஒரே வீட்டுல. மூணு வருசமா.”

அண்ணன் முகம் கறுத்தது. மடித்த வேட்டியை இன்னும் ஏற்றிக் கட்டினார். “தாலி கட்டிட்டானா?”

“இல்ல.”

முகம் தெளிந்துவிட்டது. “பிறகென்ன? கட்டலேல்ல? ஆம்பளப் பய, ஒண்டியா இருந்தான், தொணைக்கு ஒருத்திய வச்சுக்கிட்டான். கலியாணம்னு ஆனா எல்லாஞ் சரியாப் போகும்.”

எனக்குக் காலிலிருந்து தலைவரை எரிந்தது. ஒரு பெண்ணை விமானத்தில் ஏற்றி அனுப்பினால் அவள் போய்ச் சரிபண்ணிவிடுவாளாம். அவள் என்ன ஒட்டுப் போடும் துணியா?

“வள்ளியக் கேட்டீகளா?”

“அவகிட்ட என்ன கேக்குறது? அவ ஒன் மருமக.”

“அவளுக்கு வேற எடத்துல மனசிருந்தா?” உப்பூர் வாத்தியாரை நினைத்துத்தான் கேட்டேன்.

“ராக்கு, நான் சொல்றதக் கேளு.” அண்ணன் குரல் தாழ்ந்தது. “அய்யாவும் போயிட்டாக, ஆத்தாவும் போயிட்டாக. ஒனக்கு இங்கன என்ன இருக்கு? ஒம் மகனுக்கு நான் யாருன்னே நாலு வருசத்துல மறந்துபோகும். எம் மக அங்கன இருந்தாத்தான் நீ வருவ, ஒம் பேரப்புள்ளைக வரும். இல்லைன்னா அத்துப்போகும்த்தா.”

இதை அவர் இந்த மாதிரி முன்பே சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். இப்போதும் கொஞ்சம் இளகினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அதோ, சின்னப் புள்ளியாக வள்ளி திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னையக் கட்டிப்போட ஒங்க மகளையா கயிறாத் திரிக்கிறீக?” என்றேன்.

“அப்பிடிச் சொல்லாத.”

“சொல்றேன், கேட்டுக்கங்க. எனக்குள்ள உரிமைய…”

“ஏத்தா!” அண்ணன் பதறிப்போய்க் கையை நீட்டினார். “எங்க நிக்கிறோம்னு பாத்துக்க. தண்ணியில நிக்கிறோம். சேதுத் தண்ணி. சொன்னா மாத்த முடியாது. கரைக்குப் போயிப் பேசுவோம்.”

கரை சுட்டது. செருப்பு இருந்திருந்தால் நடந்து நிழலுக்குப் போயிருப்போம், புளிச்சோறு தின்றிருப்போம், அண்ணன் மழையைப் பற்றிப் பேசியிருப்பார், நான் களைப்பு என்றிருப்பேன். கடலைச் சாமி என்று கும்பிட்டுக் கழற்றிவிட்டு வந்தவர்கள் எங்கே போவது? குனிந்து கை நிறையத் தண்ணீரை அள்ளினேன். “எனக்குள்ள உரிமைய விட்டேன். எம் மருமகள நீங்க எங்கன வேணாலும் குடுங்க.” கையைத் திறந்து விட்டேன்.

அண்ணன் அந்தத் தண்ணீர் விழுந்த இடத்தையே பார்த்தார். “சொல்லிட்ட.”

“சொல்லிட்டேன்.”

“அதான் சொல்லிட்டால்ல, விடுங்க,” என்றாள் மதினி கல்லின் மேலிருந்து. இத்தனை வருடத்தில் அவள் குரலை அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், பிறகு அதே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படகைப் பார்த்து நடந்தார்.

6

திரும்பும்போது அண்ணன் படகின் முனையில் போய் உட்கார்ந்துகொண்டார். பயம்கூடப் போய்விட்டது, பட்டையைப் பிடிக்கவில்லை. எனக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு பெரிய காரியத்தை முடித்த திமிர் என்றே சொல்கிறேன். ஊரே சேர்ந்து போட்ட முடிச்சை நான் வந்து அவிழ்த்திருக்கிறேன். வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாளியிலிருந்து புளிச்சோற்றை எல்லாருக்கும் இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். சூசைக்கும் ஒரு இலை.

“இனி என்ன,” என்றேன். “உப்பூர்க்காரவுகளுக்கு ஆள் அனுப்பச் சொல்றேன். நான் இங்கன இருக்கும்போதே பேசி முடிச்சிருவோம்.”

வள்ளி ஒரு முட்டையை உரித்து என் இலையில் வைத்தாள். “அவருக்குத் தையில கல்யாணம் முடிஞ்சிருச்சு அத்த.”

“யாருக்கு?”

“அவருக்குத்தான். எவ்வளவு நாளுதான் காத்திருப்பாக? அவுக வீட்டுலயும் வயசானவுக இருக்காக. நாங்க ஸ்கூல் டீச்சருக எல்லாரும் போயிட்டு வந்தோம்.”

அவள் குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “பிறகெதுக்குடி என்னையச் சொல்லச் சொன்ன?”

“அடுத்து யாராச்சும் வந்தா அவுகளையாச்சும் திருப்பி அனுப்பாம இருக்கணும்ல,” என்றாள்.

அருண் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்திருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டான்.

படகு துறையில் ஒட்டியது. மூன்று ஜோடிச் செருப்பும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன, யாரும் தொடவில்லை. வள்ளி முதலில் இறங்கிப் போய் என் செருப்பை எடுத்து, சூட்டுக்குத் தண்ணீர் தெளித்து, பலகையின் கீழே என் காலுக்கு நேராக வைத்தாள்.

“போட்டுக்கங்க அத்த, சுடும்,” என்றாள். நான் போட்டுக்கொள்ளும்வரை குனிந்தபடியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, “ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஃபோன் பண்ணுவீகல்ல, அதுலயே சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

பிர்கித்தும் மற்றவர்களும் நேற்றுத் தீவுக்குப் போய்விட்டு வந்தார்கள். தோல் சிவந்து, ‘ஆஹா’ என்றார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். மருமகள் என்ற சொல்லை அவர் இப்போது சொல்வதில்லை. வள்ளி வீட்டில்தான் இருக்கிறாள், வேலையாக இருக்கிறாள் என்றார். போன வாரமும் வேலையாகத்தான் இருந்தாள். அண்ணன் அங்கே மழை இல்லை என்றார். நான் இங்கே குளிர் இன்னும் விடவில்லை என்றேன். இதையெல்லாம் ஃபோனில் நன்றாகவே சொல்ல வருகிறது எனக்கு.